வீடு பார்க்க வந்தவர்

நளீம் தட்டுவதற்கு முன்பே கேற் திறந்தது. "வாங்க தம்பி, வாங்க. ஒங்களத்தான் பாத்திட்டிருக்கம்" என்று வீட்டுக்காரர் கச்சிமுகம்மது இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். நளீமுக்கு ஒரு கணம் கால் கூசியது. ஜன்னல் திரையும் சுவர் ஒட்டுத்தாளும் விற்கத் தொடங்கி ஐந்தாறு வருஷமாகிறது. கல்முனையிலிருந்து கோமாரி வரைக்கும் எத்தனையோ கேற்றுகளைத் தட்டியிருக்கிறான். வீட்டுக்குள் இருந்துகொண்டே "ஆக்கள் இல்ல" என்று சொன்ன ஆட்கள்தான் அவனுக்குப் பழக்கம். நிந்தவூரில் ஒருவர், அதுவும் நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன்னால், வெள்ளைச் சேட்டும் மடிப்புக் குலையாத சாரனும் உடுத்தி வாசலில் காத்திருந்து வரவேற்பார் என்று அவன் கனவிலும் கண்டதில்லை.

அன்றைக்கு அவனுக்கு இப்படி ஒரு வீடு கட்டாயம் தேவைப்பட்டது. கொழும்பில் இருக்கிற மனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்த மாசத்துக்குள் முழு வீட்டு ஓடர் ஒன்றாவது வராவிட்டால் கரையோர விற்பனைப் பாதையை மூடிவிடுவார்கள், வேன் கொழும்புக்குப் போய்விடும். வேன் போனால் நளீம் எங்கே போவான் என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. பெண்சாதி ஆகிலாவின் மூத்த அண்ணனான காக்காவுக்குச் சாய்ந்தமருதில் சீமெந்துக் கடை இருக்கிறது. அந்தக் கடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கல்யாண நாளிலிருந்தே நளீமுக்காகக் காத்திருக்கிறது. இடது பக்கம் கடலும் வலது பக்கம் வயலுமாக ஓடுகிற அந்தப் பாதையை அவன் உயிராக நேசித்தான். வேனுக்குள் இருக்கும்வரை அவன் யாருடைய மருமகனும் இல்லை, யாருடைய மச்சானும் இல்லை. ஊரில் உள்ள வீடுகளையெல்லாம் வடிவாக்குகிற மனுசனுக்குத் தான் இருக்கிற வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஆகிலாவிடம் கேட்க வேண்டும். அது அவளுடைய வீடு. இந்தப் பக்கத்து ஆம்பிளைகள் எல்லாருக்கும் அதே கதைதான் என்பதால் அவனுக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

"வீட்டக் கொஞ்சம் பாக்கலாமா, ஹாஜியார்?" என்றான். ஐம்பது தாண்டிய எவரையும் அவன் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவான். மக்காவுக்குப் போகாதவர்களுக்கு அது இன்னும் பிடிக்கும். என்ன விற்க வந்தேன் என்பதைக் கடைசிவரை வாயில் எடுக்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். திரைச்சீலை என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். ஆகவே கம்பனிப் பேர் எழுதிய வேனைப் பள்ளிவாசல் மதிலோரம் நிழலில் விட்டுவிட்டு, வீட்டை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது பாடம் பெருமூச்சு. வீட்டில் ஒரு குறையைக் கண்டு, அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். நோயைக் கொடுத்துவிட்டு மருந்து விற்கிற வைத்தியம் அது. அதில் நளீமை மிஞ்ச ஆளில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னவர்கள் இந்தக் கரைப்பக்கம் வந்திருக்க மாட்டார்கள். இங்கே இரண்டும் ஒன்று. மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டி முடித்தால்தான் மாப்பிள்ளை வருவார், வந்து அந்த வீட்டிலேயே இருப்பார். பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்ப்பார்கள். கச்சிமுகம்மதின் மகள் நப்லாவுக்கு வரிப்பத்தான்சேனையில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசியிருந்தது. நளீம் வருவதற்கு முன்தினம் தரகர் றவூப் போனில் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார்: "மாப்பிள்ளைட மச்சான் வருவாரு. சொல்லாமக் கொள்ளாம வருவாரு. பேர் ஊர் கேக்காதீங்க, கேட்டா அவருக்குப் புடிக்காது. வீட்டப் பாக்க விடுங்க, அவ்வளவுதான்." தான் யாரென்று சொல்லக் கூடாது என்ற கொள்கையோடு நளீம் வந்தான். யாரென்று கேட்கக் கூடாது என்ற கொள்கையோடு கச்சிமுகம்மது நின்றார். பிறகென்ன, இருவரும் மிகவும் மரியாதையாக ஹோலுக்குள் போனார்கள்.

நளீம் ஹோலின் நடுவில் நின்று மேலும் கீழும் பார்த்தான். "வெளிச்சம் கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்தினான். கச்சிமுகம்மதின் முகம் கறுத்தது.

"குறைவோ தம்பி?"

"குறைவெண்டு சொல்லல்ல." பெருமூச்சு.

"செஞ்சிருவம். என்ன செய்யணுமெண்டு மட்டும் சொல்லுங்க."

இருபது வீட்டில் பேசினாலும் வராத வார்த்தை முதல் அறையிலேயே வந்துவிட்டது. நளீமுக்கு ரத்தம் சூடேறியது. ஜன்னலுக்கு மேலே மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தது. அதன் கீழே போய் நின்று, இழவு வீட்டில் நிற்பதுபோலத் தலையைச் சாய்த்தான். அடுத்த அறையில் சுவரின் மூலையில் ஈரம் ஊறிய ஒரு திட்டு இருந்தது, அதற்கும் ஒரு பெருமூச்சு. ஓட்டுக்குக் கீழே சீலிங் இல்லையே என்றான். போடுவம் என்றார். கடல் இவ்வளவு கிட்டவா, உப்புக் காத்து சாமானைத் தின்றுவிடுமே என்றான். அதற்குப் பாவம் அவர் என்ன செய்வார், கடலைத் தள்ளி வைக்கிறேன் என்று சொல்ல முடியாமல் துவாயால் கழுத்தைத் துடைத்தார். அளவு நாடாவை எடுத்து நளீம் ஜன்னல்களை அளந்தபோது, மறு நுனியை அவரே பிடித்துக்கொண்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு சாப்பாடு வந்தது. நாட்டுக்கோழி ஆணம், கத்தரிக்காய்ப் பொரியல், கட்டித் தயிர், அதற்கு மேலே இனிப்புக்கு வட்டிலப்பம். கச்சிமுகம்மதின் பெண்சாதி பஸ்லியா கதவோரமாக நின்று, "வெட்கப்படாமத் தின்னுங்க மகன், இது ஒங்கட வீடு மாதிரி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தா. நளீம் வெட்கப்படவில்லை. முழு வீட்டுக்கும் திரை, மூன்று அறைக்கு ஒட்டுத்தாள், சீலிங்குக்கும் தெரிந்த ஆளிடம் கமிசன் என்று மனதுக்குள் ஒவ்வொரு பிடி சோற்றோடும் ஓடர் வளர்ந்தது. மச்சானின் பிளாஸ்டிக் கதிரை தூரத்தில் சின்னதாகி மறைந்தது. கை கழுவி வந்து, தோற்பையிலிருந்து துணி மாதிரிகளின் பெரிய அல்பத்தை எடுத்து மேசையில் விரித்தான்.

"அப்ப ஹாஜியார், எந்த நிறம் போடுவம்?"

கச்சிமுகம்மது அல்பத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. றவூப் எப்போதும் கத்தித்தான் பேசுவார். "காக்கா, மாப்பிள்ளைட மச்சானும் அவர்ட பெண்சாதியும் இப்பதான் வரிப்பத்தான்சேனையால வெளிக்கிட்டிருக்காங்க! பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னம் வந்திருவாங்க" என்றது மேசைக்கே கேட்டது.

"அப்ப... நீங்க ஆரு?"

"கேர்ட்டின் போடுறவன், ஹாஜியார்."

சமையலறைக்குள் ஒரு சிரிப்பு வெடித்தது. "நான் அப்பவே நெனச்சன் வாப்பா" என்றாள் நப்லா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "மாப்பிள்ளை ஊட்டாக்கள் ஜன்னல அளக்க மாட்டாங்க, காணி வளவத்தான் அளப்பாங்க."

கச்சிமுகம்மது சிரிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் அட்டாளைச்சேனையிலிருந்து வந்தவர்கள் வீடு இருட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதற்காக முன்சுவரை உடைத்து, பெரிய ஜன்னல் வைத்து, இரண்டு போக வெள்ளாமைக் காசை அதிலே போட்டாராம். "இப்ப நீங்களும் வந்து வெளிச்சம் இல்ல எண்டிட்டீங்க" என்றார். "அவங்களும் அதத்தான் சொல்லப் போறாங்க. என்ட புள்ளைக்கு முப்பது முடியப் போகுது தம்பி." நளீமுக்குத் தின்ற கோழி நெஞ்சில் நின்றது. வீட்டுக்குச் சொன்ன குறை வீட்டோடு நிற்காது என்று இத்தனை வருஷத்தில் அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கொஞ்ச நேரத்தில் கச்சிமுகம்மது தலையை நிமிர்த்தினார். "நீங்க கண்ட குறையெல்லாத்தையும் நீங்களே மறைங்க. இந்தக் கலியாணம் சரிவந்தா முழு ஊட்டுக்கும் நீங்கதான் போடுறீங்க. என்ட வாக்கு."

ஆக, பெண்ணின் கல்யாணமும் நளீமின் பாதையும் ஒரே ஆணியில் தொங்கின. அவன் ஓடிப்போய் வேனைக் கொண்டுவந்தான். காட்டுவதற்கென்று வைத்திருந்த திரைகள் அத்தனையையும் இறக்கினான். வெடிப்புக்குச் சிவப்பு வெல்வெட், ஈரத்திட்டுக்குப் பொன்னிறம், சீலிங் இல்லாத இடத்துக்கு வெள்ளைச் சல்லடைத் துணி. ஆணி அடிக்க அவன் யாரிடமும் கேட்கவில்லை. நப்லா ஒரு பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் தானே மாட்டிக்கொண்டாள். எல்லாம் முடிந்தபோது வீடு கல்யாண மண்டபம் போல இருந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். மச்சான் றாஸிக், மெலிந்த, அதிகம் பேசாத விவசாயி. அவர் பெண்சாதி முஸ்பிறா, மாப்பிள்ளையின் தாத்தா, அதாவது மூத்த அக்கா. ஹோலில் உட்கார்ந்தார்கள். கச்சிமுகம்மது சிரித்தார், பஸ்லியா சிரித்தா, நளீமும் ஒரு மூலையில் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு சிரித்தான். யாருக்கும் யாருடைய முகமும் சரியாகத் தெரியவில்லை. வெல்வெட்டும் பொன்னிறமும் சேர்ந்து பட்டப்பகலை விழுங்கிவிட்டன. காற்று வர ஓர் ஓட்டை இல்லை. முஸ்பிறா பர்தாவின் நுனியால் விசிறிக்கொண்டா.

"ஊடு சரியான இருட்டு" என்றார் றாஸிக்.

பஸ்லியா ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டா. எல்லாம் முடிந்தது என்று நளீமுக்குத் தெரிந்தது. தன் கையாலேயே செய்த வேலை. அவனுக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ தெரியாது, நேரே போய்ச் சிவப்பு வெல்வெட்டைப் பிடித்து இழுத்தான். ஆணியோடு வந்தது. பொன்னிறத்தையும் இழுத்தான், சல்லடையையும் இழுத்தான். புதிய ஜன்னலால் வெளிச்சம் கொட்டியது. அதற்குப் பின்னால் கடல் காற்று வந்து மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தது.

"இருட்டு ஊட்டுல இல்ல, நான் கொண்டுவந்தது" என்றான். "நான் கேர்ட்டின் விக்கிறவன். ஒவ்வொரு ஊடாப் போய்க் குறை சொல்றதுதான் என்ட தொழில். காலையில இவருக்கிட்டயும் சொன்னன், அந்தப் பயத்துலதான் இதெல்லாம் கட்டினம்."

றாஸிக் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். விரலால் மேலே காட்டினார். "அந்த வெடிப்பு?"

"பூச்சு வெடிப்பு. வெயிலுக்கு வாறது. தட்டிப் பாருங்க, சுவர் கல்லு மாதிரி." றாஸிக் தட்டிப் பார்த்தார். "உள்ளறையில ஈரம் ஒண்டு இரிக்கி. ஓட்ட மாத்தினாச் சரி. அதுக்கு மேல இந்த ஊட்டுல குறையில்ல. கோமாரி வரைக்கும் பாத்தவன் சொல்றன், இப்பிடிக் காத்து வாற ஊட்ட நான் காணல்ல. இதுக்கு நான் விக்கிற ஒண்டும் தேவையில்ல."

கடைசி வசனம் வாயைவிட்டுப் போன பிறகுதான் அது எங்கே போகிறது என்று அவனுக்கு விளங்கியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? முஸ்பிறா எழுந்து போய் ஜன்னலில் முகத்தை வைத்தா. வயலுக்கு நடுவே, ஓட்டுக்குக் கீழே வேகிற ஊர்க்காரி. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றா. "இஞ்ச வாங்களேன்" என்றா புருசனிடம். "கடல்ட சத்தம் கேக்குது." வெள்ளிக்கிழமை உம்மாவையும் கூட்டிக்கொண்டு பெண்ணைப் பார்க்க வருவோம் என்று சொல்லிவிட்டு இருவரும் வட்டிலப்பம் தின்றார்கள்.

அவர்கள் போன பிறகு கச்சிமுகம்மது நளீமைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நளீமுக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, ஆனாலும் தோற்பையின் வாரை விடாமல் பிடித்துக்கொண்டு, "அப்ப ஹாஜியார், அந்த ஓடர்..." என்றான்.

"இனி என்னத்துக்கு தம்பி? ஒண்டும் தேவையில்லயெண்டு நீங்களே சொல்லிட்டீங்களே. ஒரு தொழில்காரன் தன்ட வாயால சொல்றதெண்டா அது எவ்வளவு பெரிய விசயம்!" அவர் கிண்டல் பண்ணவில்லை. மெய்யாகவே அவன் சொல்லை நம்பிவிட்டார். பஸ்லியா மிச்ச வட்டிலப்பத்தை ஒரு டப்பாவில் போட்டு, ஒரு குலை தேங்காயோடு வேனில் ஏற்றிவிட்டா. நளீம் திரைகளை மடித்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் போனபோது நப்லா கதவை மறித்து நின்றாள்.

"அந்தப் பச்சையக் கழட்டாதீங்க. அது எனக்கு."

"வாப்பா வேணாமெண்டு..."

"வாப்பாட ஊடா இது?" என்றாள். "பில்ல எழுதுங்க."

பிரதான வீதிக்கு ஏறுகிற முடக்கில் போன் அடித்தது. மனேஜர். நளீம் வேனை ஓரத்தில் நிறுத்தினான். கொஞ்ச நேரம் அடிக்க விட்டான், பிறகு எடுத்தான்.

"என்ன நளீம், ஒரு வீடாவது ஓகேயா?"

"ஓம் சேர். நிந்தவூர்ல. ஒரு வீடு."

"மாஷா அல்லாஹ்! சொல்லுங்க, எழுதிக்கொள்றன். எத்தன ஜன்னல்?"

நளீம் கண்ணாடியை இறக்கித் திரும்பிப் பார்த்தான். ஒழுங்கையின் கடைசியில் அந்த வீடு தெரிந்தது. பச்சைத் திரையைக் காற்று ஜன்னலுக்கு வெளியே இழுத்து முருங்கை மரத்தில் போட்டிருந்தது. உள்ளேயிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டு, அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. காற்று அதை மறுபடியும் வெளியே எடுத்து வீசியது.