லாவோனின் முட்டி வலி

...அழுகிறாளாம் அழுகை, அதுவும் காபிப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, மூக்கை ஏப்ரனில் துடைத்துவிட்டு அதே கையால் சாண்ட்விச்சை அடுக்குகிறாளே, இவளை என்ன சொல்வது, நாற்பது வருஷமாக இப்படித்தான், லாவோனுக்கு ஒரு துக்கம் என்றால் ஊரே நின்று பார்த்தாக வேண்டும். வெர்னா சர்ச் கீழ்த்தளத்துச் சமையலறைத் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். ஆர்டிஸைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று சிநேகிதிகள் இரண்டாகிவிட்டார்கள், மிச்சமிருக்கிற ஒன்று இந்த ஓட்டைவாய்... ஆர்டிஸ் போனதில் ஒரே ஒரு நிம்மதி, ச்சே, நிம்மதி என்றா சொல்வது, ஆனால் அப்படித்தானே இருக்கிறது. வெர்னாவின் மகன் கர்ட்டிஸ் ஊரில் சொல்லிவைத்திருக்கிற மாதிரி டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கவில்லை, குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒரு ஆளைக் கொன்றுவிட்டு நான்கு வருஷமாகச் சிறையில் இருக்கிறான், இது ஊரில் ஆர்டிஸ் ஒருத்திக்குத்தான் தெரியும், மாதம் ஒரு தடவை அவனைப் பார்க்க அவள்தான் வெர்னாவைக் காரில் கூட்டிப்போவாள், வழியெல்லாம் ஒரு கேள்வி கேட்கமாட்டாள். இனி அது வெர்னாவோடு சரி. லாவோன் காதில் மட்டும் விழுந்திருந்தால் மறுநாளே தபால்காரன் வந்து ஆறுதல் சொல்லியிருப்பான்.

ஆர்டிஸின் மகள் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, அம்மா வீட்டில் கிடந்த பாத்திரங்கள், அவரவர் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற பாத்திரத்தின் அடியில் எல்லோரும் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார்கள், லாவோன் மட்டும் கதையே எழுதுவாள், பெயர், தேதி, எத்தனை நிமிஷம் சூடு பண்ண வேண்டும், என்னமோ உலகத்தில் இவள் ஒருத்திதான் உருளைக்கிழங்கை ஓவனில் வைக்கிற மாதிரி. வெர்னா ஒன்றைத் திருப்பினாள். லாவோன், பிப்ரவரி ஒன்பது, உப்பு போடலை. இன்னொன்று, பிப்ரவரி இருபத்து மூன்று, ரெண்டு வாயாவது சாப்பிடு. மார்ச்சில் மூன்று. ஏப்ரலில் இரண்டு... பிப்ரவரியிலா? பிப்ரவரியிலிருந்து ஈஸ்டர் வரை ஆர்டிஸ் அரிசோனாவில் தங்கை வீட்டில் அல்லவா இருந்தாள், இங்கே நல்ல வெயில் வெர்னா என்று போனில் சொன்னாளே, வெர்னா கோபித்துக்கொண்டு பனியில் தன்னந்தனியாகச் சிறைக்கு ஓட்டிப் போனாளே, அப்படியானால் நாலு தெரு தள்ளிப் படுத்துக்கொண்டா பேசினாள்? போயும் போயும் இவளிடமா சொன்னாள்? புதன்கிழமை தவறாமல் எதிரே உட்கார்ந்து சீட்டாடினாளே இந்தப் புண்ணியவதி, ஆர்டிஸ் இல்லாமல் ஆட்டமே ருசிக்கவில்லை என்று முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாளே.

வெர்னா பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "என்னடி இது?" என்றாள்.

லாவோன் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. "சொல்லாதேன்னா. சொல்லலை."

"எங்கிட்டயுமா?"

"உங்கிட்டதான் முக்கியமா. நீ வந்தா சும்மா படுக்க விடமாட்டேன்னா."

சும்மா படுக்க விடாமல் நான் என்ன செய்திருப்பேனாம்... டாக்டரை மாற்றியிருப்பேன், ஜன்னலைத் திறந்திருப்பேன், எழுந்து நட என்றிருப்பேன், போன வருஷமே பரிசோதனை செய்துகொள் என்று சொன்னேனே என்றிருப்பேன், ஆமாம், அதையும் கட்டாயம் சொல்லியிருப்பேன். சொன்னால் என்ன தப்பு? உப்பில்லாத கிழங்கைத் தின்னக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவதுதான் பெரிய சேவையோ?

அப்போது புதுப் பாஸ்டர் காபிக் கோப்பையோடு வந்தார். "உங்க பையனால வர முடியலையா வெர்னா? டெக்சாஸ்லதானே இருக்காரு, எந்தப் பக்கம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் லாவோன் குறுக்கே வந்துவிட்டாள். "பாஸ்டர், இந்தப் பெட்டியைக் கொஞ்சம் என் கார் வரைக்கும் தூக்கிட்டு வாங்களேன், இந்த முட்டி இன்னிக்கு உயிரை எடுக்குது." அவர் பெட்டியைத் தூக்குவதற்குள் குளிரில் முட்டி எப்படி, மழையில் எப்படி என்று ஆரம்பித்தாயிற்று. ஆரம்பித்துவிட்டாள், அடுத்தவள் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப் பொறுக்காது இவளுக்கு, கிறிஸ்துமஸ் விருந்தில் கர்ட்டிஸ் எப்படி இருக்கிறான் என்று யாரோ கேட்டபோதும் முட்டி, கல்யாண வீட்டில் லீவே கிடையாதா அவனுக்கு என்றபோதும் முட்டி... கல்யாண வீட்டிலுமா? தபால்காரன் பிள்ளையின் பல்வலி வரைக்கும் விசாரிக்கிறவள், கர்ட்டிஸ் எப்படி இருக்கிறான் என்று இந்த நான்கு வருஷத்தில் வெர்னாவிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா? ஆர்டிஸ் சொல்லியிருப்பாளா? மாட்டாள். அப்படியானால் யார்? எப்போதிலிருந்து?

தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிந்துகொண்டிருந்தது. வெர்னா குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பாஸ்டருக்கு முன்னால் லாவோன், வலிக்கிற முட்டி வலதா இடதா என்று இத்தனை வருஷத்தில் வெர்னா கேட்டதே இல்லை, கைப்பிடியைத் தொடாமல் இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.