நீலம் ஒண்ணு

நல்லகண்ணு பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கண்ணை இடுக்கக்கூட இல்லை. பார்த்த மாத்திரத்தில், "நீலம் ஒண்ணு. எழுதிக்கிடுங்க டீச்சர்" என்றார்.

காந்திமதி டீச்சர் அதை நோட்டில் இரண்டு தடவை எழுதிவிட்டாள். சந்தோஷத்தில்தான். பதினைந்து நாளைக்கு முன்னால் சோதனைப் பானையில் சாயத்தண்ணீராக ஊற்றியபோது அது நீலம் பத்து. பத்து என்றால் சாயத் தொட்டியிலிருந்து அப்போதே மொண்ட தண்ணீர். பூஜ்யம் என்றால் குடிக்கிற தண்ணீர் மாதிரி. பத்து ஒன்றாகிவிட்டது என்றால் சும்மாவா?

"நெசமாவா அண்ணாச்சி? இன்னொருக்கா பாக்கியளா?"

"ஒருக்கா பாத்தது போதாதாக்கும்? முப்பது வருசமா இந்தக் கண்ணுதான இந்தப் பட்டறைக்கே சோறு போடுது."

பெருமையடிக்கிறார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சங்கரன்கோவிலில் பெற்றவர்கள் வைத்த பேரைக் காப்பாற்றினவர்கள் எத்தனை பேர்? தங்கப்பழம் என்றொருவர் கீழத்தெருவில் இருக்கிறார், குன்றிமணித் தங்கம் கிடையாது. சண்முகையா என்று பேர், ஆறு முகம் வேண்டாம், இருக்கிற ஒரு முகத்தையே ஒழுங்காகக் கழுவ மாட்டார். நல்லகண்ணு காப்பாற்றினார். சாயப்பட்டறையில் முக்கியெடுத்த நூல்கற்றை, அதாவது சிட்டம், சொட்டச் சொட்ட ஈரமாய்த் தொங்கும்போதே, காய்ந்தால் என்ன நிறத்தில் நிற்கும் என்று சொல்லிவிடுவார். புளியங்குடியிலிருந்து வியாபாரி ஒரு பழஞ்சேலையின் நூலைக் கொண்டுவந்து "இதே நிறம் வேணும்" என்பார். நல்லகண்ணு அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நாலாம் நாள் நூல் தயாராக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது பழசு, எது புதுசு என்று வியாபாரிக்கே குழம்பிப் போகும்.

டீச்சர் பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் ஒரு நிறத்தால்தான். பட்டறைக் கழிவுத்தண்ணீர் ஓடையில் இறங்கி, கரிவலம் ரோட்டோரத்து வயல் கிணறு ஒன்றில் ரோஸ் கலரில் ஊறிக்கொண்டிருந்தது. கிணற்றுக்காரர் ஒரு வாளியில் மொண்டு வந்து முதலாளி சங்கரநயினாரின் மேஜையிலேயே வைத்துவிட்டார். காந்திமதி கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி தேடிக்கொண்டிருந்தவள், கிணற்றுச் சேதி கேட்டு வந்தாள். கண்மாய்ச் சேற்றிலும் சாணிக் கரைசலிலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்கின்றன, காற்றுப் புகாமல் மூடிவைத்தால் அவை சாயத்தைத் தின்றுவிடும் என்று முதலாளியிடம் சொன்னாள். பட்டறைக்குப் பின்னால் புங்கமரத்தடியில் எட்டு மண்பானை வந்து உட்கார்ந்தது.

நல்லகண்ணு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் உசுரக் குடுத்து ஏத்துத சாயத்த ஒங்க பூச்சி தின்னு தீத்துரும்கிய. நல்லாருக்கே!" ஆனால் ஒரு மாதத்தில் அவரே பட்டறைக்குள் நுழையும் முன்னால் பானைப் பக்கம் போய், மூடியைத் தட்டி, "என்ன மக்கா, சாப்பிட்டியளா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நிறத்தை அளக்கிற மிஷின் மதுரையில்தான் இருந்தது. அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரு பாட்டில் எடுத்துக் கல்லூரி ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு, அதுவரைக்கும் கண்ணால் மதிப்பெண் போடுவதென்று டீச்சர் ஏற்பாடு செய்திருந்தாள். அதற்காக ஒவ்வொரு நிறத்துக்கும் பத்துப் பாட்டிலில் சாயத்தைப் படிப்படியாக வெளிறக் கரைத்து, நம்பர் ஒட்டிக் கொண்டுவந்தாள். பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்லகண்ணு அந்தப் பாட்டில்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இத வேற எவனுக்காவது காட்டுங்க" என்றுவிட்டார். முதல் நாள் சிவப்பில் அவர் சொன்னது அச்சுப்பிசகாமல் ஒத்துப்போனதும் டீச்சரும் பாட்டில்களைப் பைக்குள் போட்டுவிட்டாள். புத்திகெட்ட வேலை அதுதான் என்று பின்னால் அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

மாசியில் நீலம் எட்டுக்குக் கீழ் இறங்கவில்லை. சித்திரையில் ஆறு. ஆடியில் மூன்று. இப்போது புரட்டாசியில் ஒண்ணு. சிவப்பைத் தின்னப் பூச்சிகளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நீலம் லேசில் செரிக்காத சரக்கு. அதையும் பழகிக்கொண்டுவிட்டன என்று டீச்சர் மதுரைப் பேராசிரியருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதிப் போட்டாள்.

அந்த ஆடியில்தான் ஊர்க்கோவில் தபசுத் திருநாளுக்கு நல்லகண்ணு பெண்டாட்டிக்குச் சேலை எடுத்தார். தங்கத்தாய்க்குப் பச்சையென்றால் உயிர். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எடுத்துப் போட்டதையெல்லாம் தள்ளிவிட்டு, இவரே அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். நல்லகண்ணுவுக்கு நிறம் சொல்லிக்கொடுக்கிற துணிச்சல் எந்தக் கடைக்காரருக்கு வரும்? வீட்டில் வந்து, "இந்தா, நீ கேட்ட பச்ச" என்று நீட்டினார். தங்கத்தாய் பிரித்தாள். சேலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "நல்லாருக்கு" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள்.

ஒருவழியாக மிஷினுக்கு முறை வந்து, டீச்சர் பாட்டில்களோடு மதுரை போய்விட்டு நேரே பட்டறைக்கு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவள் வந்து நின்ற தோரணையே சரியில்லை.

"அண்ணாச்சி, சிவப்பு நீங்க சொன்னது எல்லாமே சரி. அரக்கும் சரி. மிஷின்ல புள்ளி மாறல."

"பொறவென்ன?"

"நீலம் நீங்க ஒண்ணுன்னு சொன்னது… மிஷின்ல ஏழு."

"மிஷின் கெட்டுக் கெடக்கு."

"மூணு தடவ வச்சுப் பாத்தாச்சு அண்ணாச்சி. மாசில இருந்து எல்லாப் பாட்டிலும் ஏழு, எட்டுதான். அதுக்குக் கீழ எறங்கல."

நல்லகண்ணுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. முப்பது வருஷக் கண்ணுக்கு முந்தாநாள் வந்த மிஷின் மதிப்பெண் போடுவதா? சுற்றிலும் ஆட்கள் கையில் சிட்டத்தோடு நின்றுவிட்டார்கள். டீச்சர் பைக்குள்ளிருந்து நீலப் பாட்டில் பத்தையும் எடுத்து, நம்பர்ச் சீட்டைக் கிழித்து, கலைத்து வைத்தாள். "கோவிக்காதிய. இத மட்டும் வரிசையா அடுக்கிக் காட்டுங்க."

இதென்ன பிரமாதம் என்று அவர் உட்கார்ந்தார். கெட்டி நீலம் முதலில், அடுத்தது, அடுத்தது என்று நாலு பாட்டில் வேகமாகப் போனது. மிச்சம் ஆறு. அதில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அடுத்ததைத் தூக்கினார். ஆறும் ஒன்றுபோல இருந்தது. "ஆறு பாட்டில்ல பச்சத்தண்ணிய ஊத்திக் கொண்டாந்து வெளையாட்டா காட்டுதிய?" என்று கத்தினார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆறு பாட்டிலும் வெயிலில் படிப்படியாக வெளிறின நீலமாக மின்னிக்கொண்டிருந்தது, அங்கே நின்ற எல்லோருக்கும்.

தூக்குச்சட்டியோடு தங்கத்தாய் வந்து அப்போதுதான் நின்றாள். தபசுச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். பாட்டில்களைப் பார்த்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்தாள்.

"இங்கன பாருங்க. நான் உடுத்தியிருக்கது என்ன கலரு?"

"பச்ச. எடுத்தாந்த எனக்குத் தெரியாதா?"

"இது நீலம்லா" என்றாள் தங்கத்தாய்.

நல்லகண்ணு முந்தானையைக் கையில் பிடித்துப் பார்த்தார். கிட்டே வைத்தும் பார்த்தார், தள்ளி வைத்தும் பார்த்தார். பச்சையாகத்தான் இருந்தது. இந்த வருஷம் பஸ் போர்டு மங்கலாகத் தெரிந்தது, ஓயாத தாகம், ராத்திரியில் நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போனது எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. வயசாகிறது, சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"ரெண்டு மாசமா ஏன்ட்டி வாயத் தெறக்கல?"

"ஆசையா வாங்கிட்டு வந்திய. கேலிக்குப் பச்சைன்னு சொல்லுதியன்னு நெனச்சேன். பொறவு கேலி இல்லன்னு தெரிஞ்சுது. கேக்கப் பயமா இருந்திச்சு."

நல்லகண்ணு ஆட்கள் முன்னாலேயே அழுதுவிட்டார். கண் போய்விடும் என்பதைவிட, இனிமேல் தான் சொல்கிற நிறத்தை யாரும் நம்பப் போவதில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. டீச்சருடைய ஆராய்ச்சியிலும் பாதி அந்த நிமிஷத்தில் மண்ணாய்ப் போயிருந்தது. அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். "நாளைக்குக் காலம்பற மதுரைக்குப் போறோம் அண்ணாச்சி. நானும் வாரேன்" என்றாள்.

மதுரைக் கண்ணாசுபத்திரியில் மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எகிறிக் கிடந்தது. "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். டீச்சர் நோட்டை எடுத்து மேஜையில் விரித்தாள். ஒரு பக்கம் இவர் சொன்ன நம்பர், எதிரே மிஷின் சொன்ன நம்பர், தேதியோடு. டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

"கண்ணு கெட்ட கதையத் தேதி போட்டு எழுதிக்கிட்டு வந்த முதல் ஆளு நீங்கதாங்க" என்றார். பிறகு டீச்சரைப் பார்த்தார். "நீலத்தத் தின்னது உங்க பூச்சி இல்லம்மா. இவரோட சர்க்கரை."

கண்ணுக்குள்ளே சின்ன ரத்தக்குழாய்கள் கசிந்து நீர் கோத்திருக்கிறது, லேசர் என்கிற வெளிச்சத்தால் குண்டூசி முனை அளவுக்குச் சுட்டுச் சுட்டு அடைக்க வேண்டும், மிஷின் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகிறது என்று விளக்கினார். "இருக்கதக் காப்பாத்திரலாம். போனது திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா சிவப்பும் தெரியாது, எதுவும் தெரியாது."

மறுபடியும் மிஷின். நல்லகண்ணு தாடையை அதன் மேல் வைத்தார். கண்ணில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்து அமுக்கினார்கள். சுளீர் சுளீரென்று வெளிச்சம் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் உலகம் கத்திரிப்பூ நிறத்துக்குப் போய்த் திரும்பியது. நல்ல கத்திரிப்பூ, எந்தத் தொட்டியிலும் அவருக்கு அப்படி வாய்த்ததில்லை. பயத்திலும் தொழில் புத்தி போகவில்லை.

"டாக்டரய்யா, இந்த வெளிச்சம் நீலமா, பச்சையா?"

டாக்டர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஏன் கேக்கிறீங்க? ரெண்டும் கலந்ததுதான்."

"அப்பஞ் சரி" என்றார் நல்லகண்ணு. அந்த ஒரு பதிலில் அவருக்கு என்ன கிடைத்ததோ, மூன்று மாதத்தில் ஐந்து தடவை மதுரை போய்வந்தார், ஒரு தடவைகூட முனகவில்லை. காப்பியில் சீனி போனது, தட்டில் கேப்பைக்களி வந்தது. அதற்கு மட்டும் முனகினார்.

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். ஒளித்து வைத்து ஒரு தொட்டி நூலைப் பாழாக்கி, அப்புறம் பிடிபடுவதற்கு அவருக்கு மனசில்லை. சங்கரநயினார் கணக்கு நோட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு, "சிவப்புக்கு, அரக்குக்கு நீருதான் வே. நீலத்துக்கு மட்டும் ஒரு ஆளப் பாரும்" என்றார். வெளியில் எங்கே தேட? இருபத்தைந்து வருஷம் வீட்டில் இருந்து நெசவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றின தங்கத்தாய்க்குத் தெரியாத நீலமா? சாப்பாடு கொண்டுவருகிறவள் நீலச் சிட்டத்தையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தாள். அவள் சொல்வதுதான் தீர்ப்பு. "ரெண்டு முக்கு பத்தாது, இன்னொன்னு போடுங்க" என்று புருஷனையே விரட்டுவாள். ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நல்லகண்ணுவும் சிரிப்பார்.

பூச்சிகள் சிவப்பைத் தின்னும், நீலத்தைக் கொறிப்பதோடு சரி என்று உள்ளதை உள்ளபடி டீச்சர் எழுதினாள். சிவப்புக்கென்று தனியாக ஒரு மூடுதொட்டி கட்ட முதலாளி சம்மதித்துவிட்டார். நீலத்துக்குப் புதுசாக வேறு கண்மாய்ச் சேறு, வேறு பானை. திருவேங்கடம் ஊர்ப்பக்கத்துக் கரிசல் சேறு இந்தத் தடவை. நம்பர் போட்ட பாட்டில்கள் புங்கமரத்தடிப் பலகையில் வரிசையாக நின்றன. இப்போது நல்லகண்ணு ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தங்கத்தாயையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நம்பர் சொல்வார்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டுப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தங்கத்தாய் தபசுச் சேலையில் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று சிட்டங்களைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். வலது கண்ணில் தூசி விழுந்து, அதைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். சேலை நீலமாக இருந்தது. சுத்தமான ஆனந்தா நீலம்.

பதறிப்போய்க் கையை எடுத்தார். இடது கண்ணைப் பொத்தினார். பச்சை. மறுபடியும் வலதைப் பொத்தினார். நீலம்! இடது கண்ணில் கோத்திருந்த நீர் வற்றிவிட்டது போல. வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தங்கத்தாய் இதைக் கவனித்துவிட்டாள். ஆட்கள் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "என்ன இது, பேரன் எடுக்கப் போற வயசுல கண்ணடிக்கிய?"

"ஏட்டி, ஒரு சேலைன்னு நெனச்சேன், ரெண்டு எடுத்துத் தந்திருக்கேன் ஒனக்கு" என்றார். விரலால் இடதையும் வலதையும் தொட்டுக் காட்டினார். "இந்தக் கண்ணுல நீலம், அந்தக் கண்ணுல பச்ச."

தங்கத்தாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஊரு சாமியே ஒரே ஒடம்புல ரெண்டு பேரு, பாதிக்குப் பாதிதான. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "டீச்சர்ட்ட சொல்லணும்" என்று முணுமுணுத்தபடி கொடிப்பக்கம் திரும்பி நடந்தாள்.

நல்லகண்ணு வலது கண்ணை மூடினார். நீலச் சேலை கட்டிய தங்கத்தாய் ஈரச் சிட்டமொன்றைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணை மூடினார். பச்சைச் சேலைக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.