காத்துல நின்ன கடல்காக்கா

"இது பறவையா, லென்சுல ஒட்டுன தூசியாப்பா?"

மொத ரோலைப் பாத்துட்டு பாக்கர் பாய் கேட்டது சிலுவைமுத்து மண்டைக்குள்ள இன்னும் குடைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ராமநாதபுரத்துல பாயோட ஸ்டூடியோவுல படம் கழுவுறதுதான் அவன் வேலை. அரிசி மில்லுக்காரர் காலண்டருக்குப் பறவைப் படம் கேக்கவும், நான் எடுக்குறேன்னு இவனா முந்திக்கிட்டான்.

"இன்னொரு ரோல் தாரேன். உருப்படியா ஒன்னு வந்தா இனி கல்யாணத்துக்கெல்லாம் படமெடுக்க நீ போ. இல்லேன்னா இருட்டு ரூமோட கெட."

அந்த ரோலும் முடியப்போகுது. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கரையில சகதியில குப்புறக் கெடந்தான். கிட்டப் போனாலே எல்லாம் பறந்துருது. மிச்சம் ஒரே ஒரு படம். எடுக்காமப் போறதில்லன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தான்.

வாடைக்காத்துல கடல்காக்காக் கூட்டம் ஒன்னு வந்து தண்ணிக்கு மேல வட்டம் போட்டுச்சு. இன்னும் கொஞ்சம் தாழட்டும்னு மூச்சப் பிடிச்சான்.

பொத்துன்னு ஒரு சத்தம். தொணைக்கு வந்த அக்கா புருசன் சவேரியார் தோள்ல கெடந்த வலைய வீசிட்டாரு. அத்தனை பறவையும் போச்சு.

"யோவ் மச்சான்! என்னய்யா பண்ணுனீரு?"

"கை தானாப் போயிருச்சு மாப்ள. பொறந்ததுல இருந்து கடல்ல காக்கா கூடுற எடத்துலதான வலை போடுறேன்?"

"ஏலே, எவன்டா அது?" கம்போட ஓடி வந்தாரு கண்மாய்க் காவக்காரரு கூத்தையா. "கண்மாய் அழிச்சு ஊரே சேந்து மீன் பிடிக்கிற நாளுக்கு முந்தி ஊர்க்காரனே ஒரு மீன்குஞ்சத் தொட மாட்டான். ஒங்கப்பன் வீட்டுக் கடலா இது?"

வந்த வேகத்துல கேமராவப் பிடுங்கிக்கிட்டாரு. "ஊர்க்கூட்டத்துல வந்து வாங்கிக்க."

சிலுவைமுத்து அவரு வழிய மறிச்சான். "மீனுக்கு இன்னும் உசுரு இருக்குய்யா. ஒன்னு விடாம விட்டுர்றோம். கேமராவக் குடுங்க."

"மொதல்ல மீனு."

சவேரியார் ஒரு கெண்டையத் தூக்கிப் போட்டாரு. தண்ணியில விழுகுறதுக்குள்ள ஒரு கடல்காக்கா வந்து கவ்விட்டுப் போயிருச்சு.

"விடச் சொன்னா ஊட்டியா விடுற? இங்கன கொண்டா!" கேமராவ சிலுவைமுத்து கையிலயே திணிச்சுட்டு, வலைய வாங்கி உதறுனாரு கூத்தையா. மொத்தக் காக்காக் கூட்டமும் திரும்பி எறங்குச்சு. "போ! போ சனியனே!"

சிலுவைமுத்து இடுப்புத் தண்ணிக்குள்ள ஓடுனான், காத்து தன் முதுகுல அடிக்கிற பக்கமா. எதிர்காத்துல வர்ற கடல்காக்கா கவ்வுறதுக்கு முன்னாடி ஒரு கண்ணிமைப்பு அந்தரத்துல நிக்கும். மச்சானோட வள்ளத்துல கடலுக்குப் போனப்ப எத்தனையோ தரம் பாத்திருக்கான்.

நின்னுச்சு. பட்டனை அமுக்கிட்டான்.

மறுநாள் இருட்டு ரூம் தட்டுல ரெக்கைய விரிச்சுக்கிட்டு அது மெதுவா வந்துச்சு. கீழ் மூலையில, வாயப் பொளந்துக்கிட்டு கூத்தையா.

"பறவை அருமை. இந்த ஆள வெட்டிரு," ன்னாரு பாய்.

"வெட்ட மாட்டேன் பாய். அவரு வலைய உதறலேன்னா இந்தப் படமே இல்ல."

பாய் கேமராவ எடுத்து அவன் கழுத்துல மாட்டுனாரு.

"வெள்ளிக்கிழமை தேவிபட்டினத்துல கல்யாணம். ஒங்க மச்சானை மட்டும் அங்கன கூட்டிட்டுப் போயிராத."