வாசற்படியில் ராகி மாவு

1

டமார்! தளி ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிணற்று வெடி. வெங்கடம்மாள் கையிலிருந்த முறம் நழுவி விழுந்தது.

வெடிச் சத்தத்தோடு தொடங்குவது என் பழைய வழக்கம். ஆனால் இந்தக் கதை எனக்குச் சத்தமில்லாமல்தான் கிடைத்தது. ஓசூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி சொன்னாள். ஒரே நிபந்தனை: "பைத்தியம்னு மட்டும் எழுதிடாதீங்க சார்."

2

வெங்கடம்மாளின் கணவன் திம்மராயன். அவன் கண்களில் ஒரு வெறி மின்ன... (அடித்துவிட்டேன். அப்படி எதுவும் மின்னவில்லை.) வருஷத்தில் பெரும்பாலான நாட்கள், சாற்றில் உப்பில்லை என்று முணுமுணுக்கிற உருளைக்கிழங்கு விவசாயி. சில வாரங்கள் மட்டும் மனசு ஏறும். தூக்கம் வேண்டாம், பேச்சு நிற்காது, கிணறு தோண்டுவான். பாதியில் நிற்பவை மூன்று. பிறகு அதே மனசு இறங்கும். சுவரைப் பார்த்துப் படுத்தால் குளிக்கக்கூட எழ முடியாது. ஊர் முதலாவதைத் திமிர் என்றது, இரண்டாவதைச் சோம்பல் என்றது.

(பெங்களூர் டாக்டர் சொன்னது: "ரெண்டும் ஒரே வியாதிம்மா. ஏறும்போது முதல்ல தூக்கம்தான் போகும். அதைக் கவனி.")

கவனித்தாள். படுக்கப்போகுமுன் வாசற்படியில் ராகி மாவு தூவுவாள். தூக்கம் போனால் அவன் வெளியே உலாத்துவான், மாவில் தடம் விழும். எல்லாருக்கும் முன்னால் எழுந்து பார்த்துவிட்டுக் கூட்டித் தள்ளுவாள். யாருக்கும் சொன்னதில்லை, அவனுக்கும்கூட.

3

வெடி கேட்டதும் கொழுந்தன் நாராயணப்பன் கயிற்றோடு ஓடிவந்தான்.

"நாலாவது கிணறு அண்ணி! போன தடவை உழவு மாட்டையே வித்து வெடி வாங்கினாரு. ஒன்பது மணி பஸ்ஸுல பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம். அங்கேயே இருக்கட்டும்."

"கயிறு எதுக்கு? அவர் என்ன மாடா?"

சொன்னாளே தவிர, சந்தேகம் அவளுக்கும்தான். நேற்று அவன் பாட்டு முணுமுணுத்தான். அது வெறும் பாட்டா?

தோட்டத்துக்கு ஓடினார்கள். வெடி வைத்தவன் பக்கத்து நிலத்து ஆஞ்சப்பன். அவன் கழற்றி வைத்த தலைப்பாகை வெடியில் பறந்துபோய்ப் புளியமரத்து உச்சியில் தொங்கியது. வரப்பில் திம்மராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இறக்கிக் குடுப்பியா, இளிச்சிக்கிட்டே நிப்பியா?" என்று கத்தினான் ஆஞ்சப்பன்.

"பார்த்தீங்களா அண்ணி, ஆரம்பிச்சாச்சு" என்றான் நாராயணப்பன்.

4

(பஸ் ஏற்றுவதாக ஒரு முடிவு எழுதினேன். பேனா நகரவில்லை. எல்லாரும் சேர்ந்து சிரிப்பதாக இன்னொன்று. அதை நானே நம்பவில்லை.)

வெங்கடம்மாள் கயிற்றைப் பிடுங்கினாள். கோபத்தில் ரகசியமும் வெளியே வந்துவிட்டது.

"காலையில படியைப் பார்த்தேன். தூவின மாவு அப்படியே இருக்கு, ஒரு தடம் இல்ல. நல்லாத் தூங்கின மனுசன் சிரிக்கக் கூடாதா?"

திம்மராயன் சிரிப்பு நின்றது. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அவன் அருகே வந்து சொன்னதை அப்படியே தருகிறேன். அவனை ஏற்றுவதா, வீட்டுக்கு அழைத்துப்போவதா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

"நேத்து நீ மாவு தூவாமயே தூங்கிட்ட வெங்கடம்மா. நான்தான் தூவினேன்."