நாற்பதுக்குள் ஓர் இடம்

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குப் பட்டியல் வரும். நாடு முழுக்க எந்த இசைத்தட்டு எவ்வளவு விற்றது என்று வாராவாரம் எண்ணிச் சொல்லும் பட்டியல். பாடகியின் இரண்டாவது தட்டு முதல் நாற்பது இடத்துக்குள் வந்தால் மூன்றாவது உண்டு. வராவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பாடிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் இதையே கொஞ்சம் நாசூக்காக எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இசைத்தட்டுக் கம்பெனி மேலாளரின் அறையில் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் நாற்பத்தாறு. இந்த வாரம் உள்ளே வந்துவிடும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன மேலாளர், இப்போது திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க சார். எத்தனை?”

“நாப்பத்தொண்ணு.”

“ஒரே ஒரு இடத்துல போச்சா!”

“இரும்மா, எங்கயோ இடிக்குது.”

பட்டியல் அலுவலகத்துக்குப் போன் போட்டார். ‘உம்’ கொட்டிக் கேட்டார். வைத்தபோது முகம் தொங்கிவிட்டது.

“உங்க ஊர்க் கடையோட கணக்கையே தூக்கிட்டாங்க. ஒரே ஆள், ஒரே பில்லுல இருநூறு தட்டு வாங்கியிருக்கான். அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா, அந்த வாரம் அந்தக் கடையில வித்த எதையும் எண்ண மாட்டாங்க. நிஜமா வாங்கின தொண்ணூறு பேரும் போச்சு. அவங்க மட்டும் இருந்திருந்தாலே முப்பத்தொம்பது.”

“எந்தப் படுபாவி சார் அது?”

“யாரோ லாரி டிரைவராம். வண்டியக் கடை வாசல்லயே நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போனானாம்.”

அந்த ஊரில் அவள் அண்ணன் பதினைந்து வருஷமாக ஓட்டுவது லாரிதான். கள்ளம் தெரிந்த மனுஷன் என்றால் இருபது கடையில் பத்துப் பத்தாக வாங்கியிருப்பான். இவனுக்கு அது எங்கே தெரியும்? கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

கைப்பையில் போன் அடித்தது. அவனேதான்.

“பட்டியல் வந்துருச்சா பாப்பா? எத்தனாவது?”

“நாப்பத்தொண்ணு, அண்ணா.”

எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவன் ஸ்டீயரிங்கைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அடச்சே! கடையில இன்னும் அம்பது இருந்துச்சு பாப்பா. நான்தான் போதும்னு விட்டுட்டு வந்துட்டேன். என்னை மன்னிச்சுடும்மா.”