இடைவெளி விடாத வரிசை

எல்லார் தலையிலும் வெள்ளைத் தொப்பி. ஐம்பது மோட்டார் சைக்கிள்கள், ஜோடி ஜோடியாக, ரெட்டியார்பாளையம் சாலையில் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை வெயில். தூரத்தில் தார்ச்சாலை தண்ணீர் போல நெளிந்தது. இதோ அதற்குள் போய்விடுவோம் என்று கொளஞ்சிக்குத் தோன்றியது. கிட்டே போகப் போக அதுவும் தள்ளித் தள்ளிப் போனது.

பின்னால் அவன் மனைவி வசந்தா, 'வேகம் விவேகமல்ல' என்ற அட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கம்பெனி நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஊர்வலம். வராதவர்கள் திங்கட்கிழமை வேலைக்கும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இருவருக்கும் அங்கேதான் ஒப்பந்த வேலை.

கொளஞ்சி குனிந்து, எஞ்சின்மேல் படாமல் கையைக் காட்டிச் சூடு பார்த்தான்.

"இன்னாய்யா, ஜொரமா அதுக்கு?" என்றாள் வசந்தா.

"சிரிக்காத. காத்துல ஆறுற எஞ்சின் இது. இப்பிடி ஊர்ந்தா ஆயில் கொதிச்சுத் தண்ணியாப் பூடும். ஜாம் ஆச்சுன்னா நாளைக்கு எதுல போவ?"

அவள் சிரிப்பு நின்றது. அவர்கள் ஊரிலிருந்து ஆறு மணி ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் பெயரை அடித்துவிடுவார்கள். இருவருக்கும் ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது.

ஊர்வலம் நின்றபோதெல்லாம் கொளஞ்சி எஞ்சினை அணைத்தான். முன்வரிசையைப் போகவிட்டு, கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் கியரை மாற்றி ஓர் ஓட்டம் ஓட்டினான். அந்தச் சின்ன ஓட்டத்தில் காற்று எஞ்சினில் பட்டது, சட்டைக்குள் புகுந்தது. அவனுக்குக் கடற்கரைச் சாலை ஞாபகம் வந்தது. சாயங்காலம், உப்புக் காற்று, இடுப்பில் வசந்தாவின் கை. அடடா, இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"கொளஞ்சி! வரிசையில ஓட்டை வுடாதப்பா, போட்டோவுல அசிங்கமாத் தெரியுது!"

சூப்பர்வைசர் புருஷோத்தமன் காரின் கண்ணாடியை இறக்கிக் கத்தினார். உள்ளிருந்து ஏசிக் குளிர் ஒரு கணம் முகத்தில் பட்டது.

"வண்டி சூடாவுது சார். ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிக்கினு வரேன்."

"பஞ்சர் வண்டி கணக்கா இருக்கும். ஒட்டிப் போய்யா."

கண்ணாடி ஏறியது. கொளஞ்சி முதல் கியரிலேயே வரிசையை ஒட்டிப் போனான். முன்னால் போன வேனிலிருந்து போட்டோக்காரர் கையசைத்தார், சிரிக்கச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

மூலக்குளம் வரும்போது ஆயில் கருகும் வாடை. உள்ளே டக்டக்கென்று ஒரு சத்தம், பிறகு சக்கரம் இறுகி நின்றது. கிக்கரை மிதித்தான், அது அசையவே இல்லை. வசந்தா இறங்கி அட்டையால் எஞ்சினுக்கு விசிறினாள். வெள்ளைத் தொப்பிகள் அவர்களைத் தாண்டி, நெளிகிற தண்ணீருக்குள் ஒவ்வொன்றாகப் போய் மறைந்தன.

திங்கட்கிழமை இருவரும் நடந்தே வந்து சேர்ந்தபோது ஆறேகால். கேட் மூடியிருந்தது. வெளியே வாட்ச்மேன் சாமிக்கண்ணு ஏணியில் நின்று புது பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"மூணாயிடுச்சேப்பா. ரெண்டு பேரு பேரையும் அடிச்சுட்டாங்க. என் கையில இன்னா இருக்கு, சொல்லு" என்றார். பாவம், அவரால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த முனைய சித்த புடியேன். மொதலாளி வர்ற நேரம்" என்றார்.

கொளஞ்சி பிடித்தான். சாலைப் பாதுகாப்பு ஊர்வலத்தின் படம். இரண்டாவது வரிசையில் அவனும் வசந்தாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஓட்டையே இல்லை.

"சுருக்கம் இல்லாம இழுப்பா."

நேற்றெல்லாம் வராத காற்று இப்போது அடித்து, கயிற்றை அவன் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. கொளஞ்சி இழுத்து முடிச்சுப் போட்டான்.