பாஞ்சாலைக்கு ஒரு பிடி மண்

2003 தை மாதம் அந்தக் கல்லறையைத் திறந்தபோது அங்கே இருந்தவர்கள்: சரித்திர ஆசிரியை சந்திரகலா, சம்பளம் வாங்காமல் அவரோடு தோண்ட வந்த மாணவர்கள் ஆதவன், இனியா, போதகர் ஞானாபரணம், டிராக்டர்காரர் மூர்த்தி, இராமலிங்கமாகிய நான். என் மகன் வரவில்லை.

இடம், கீழ்பென்னாத்தூர் சாலையில் இருந்த பழைய வேதக்கோயில், கிறிஸ்தவர்கள் கட்டியது. கூரை விழுந்து முள் மண்டிக் கிடந்தது. சந்திரகலா விடுமுறை நாள்களில் பிள்ளைகளை வைத்துத் தோண்டி அதன் அடித்தளத்தை வெளியே கொண்டுவந்தார். பிறகு அதைச் சுற்றிப் பூங்கா அமைக்க முடிவானது. நடைபாதைக்குக் குறுக்கே ஒரே ஒரு கல்லறை வந்தது. அதன் கல்லில் 'கண்ணாயிரம் மகள் பாஞ்சாலை' என்று இருந்தது.

கண்ணாயிரம் என் தகப்பனார். பாஞ்சாலை என் அக்கா. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வேதக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அன்றே அப்பா அவளைத் தலைமுழுகினார். உயிரோடு இருந்தவளுக்குப் பதினாறாம் நாள் காரியமும் நடந்தது. மறுவருடம் அவள் பிரசவத்தில் இறந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. எங்கள் கணக்கில் அவள் முன்பே போய்விட்டவள். குழந்தை என்னவானது என்றும் கேட்கவில்லை. அவள் புருஷன் ஊரை விட்டே போய்விட்டார்.

சந்திரகலா என் வீடு தேடி வந்தார்.

"புதுக் கல்லறைத் தோட்டத்துல வைக்கப் போறோம். உறவுனு ஒருத்தர் வந்து மண்ணு போட்டா நல்லாருக்குங்க."

"வரலன்னா?"

"போதகரே போட்டுடுவாருங்க. ஆள் இல்லாதவங்களுக்கு அவர்தான் போடுவாரு."

கண்ணாயிரம் மகள் ஆள் இல்லாதவளா? "வர்றேன்" என்றேன்.

மகன் ராஜேந்திரனுக்குப் பிடிக்கவில்லை. "தாத்தா தலைமுழுகுனத நீங்க மாத்தறீங்களா? பொண்ணுக்கு மாப்ள பாக்கற நேரத்துல ஊர்ல என்னா பேசுவாங்க?"

"ஊருக்குப் பயந்தா நீ வூட்லயே இரு."

எலும்புகளை வெள்ளைத் துணியில் எடுத்து வைத்தார்கள். அவற்றோடு மிகச் சிறிய எலும்புகளும் இருந்தன. இனியா அவற்றையும் அதே துணியில் வைத்தாள். அக்கா நல்ல உயரம். மூட்டை சிறியதாகத்தான் இருந்தது.

"பெரியவரே, வண்டி ஜாஸ்தி குலுங்கும். மடியில வச்சிக்கிறீங்களா?" என்றார் மூர்த்தி.

வைத்துக்கொண்டேன். புதுக் குழியில் முதல் பிடி மண்ணை நான் போட்டேன். போதகர் ஜெபம் செய்தார். முடியும்வரை நான் நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். என் மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"யார் வூட்டு சாவுக்குப் போனீங்க?"

"நம்ம வூட்டு சாவு."

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

பூங்கா திறந்து ஒரு வருடமாகிறது. அங்கே மாலையில் வந்து உட்காரும் சிலர், பாஞ்சாலை வீட்டு நகையோடு ஓடியவள் என்றும், குழியில் அந்த நகை கிடைக்கும் என்றுதான் தம்பி போய் நின்றான் என்றும் பேசுவதாகக் கேள்வி. அது பொய். அவள் எந்த நகையையும் எடுத்துப் போகவில்லை. காதில் கிடந்த தோட்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனாள்.